ஓய்வில் நிற்கும் உழவு இயந்திரமும் எலியும்

காலபோக அரிவு வெட்டு முடிந்து, நெல் மூடைகள் வீடு வந்து சேர்ந்ததும் உழவு இயந்திரத்தின் வேலையும் பெரும்பாலும் முடிந்துவிடுகின்றது. சிறுபோகத்துக்கு நீர் கிடையாத மானாவாரி நிலங்களிலும், யாழ்ப்பாணக் குடாநாட்டின் நெல் வயல்களிலும் அடுத்த உழவு தொடங்கும் வரை அது பல மாதங்கள் கொட்டிலிலேயே நிற்கும். இயந்திரம் ஓய்வு கொள்ளும் இக்காலத்தில் எலி ஓய்வு கொள்வதில்லை. வயலில் சிந்திய மணிகள் தீர்ந்து, வரப்புகள் காய்ந்து இறுகியதும் அது உணவும் உறைவிடமும் தேடி மனையை நாடி வருகின்றது. கமக்காரர் பூட்டி வைத்த இயந்திரத்தினுள்ளே அது குடிபுகுந்து குட்டியும் ஈனுகின்றது.

இதனால் விளையும் நட்டம் உழவு தொடங்கும் நாளிலேயே தெரியவருகின்றது. முதல் மழை விழுகின்றது. அயல் வயல்களில் உழவு நடக்கின்றது. நமது இயந்திரமோ இயங்க மறுக்கின்றது. திருத்துபவரைத் தேடிப் பிடித்து, உதிரிப்பாகம் வாங்கி வருவதற்குள் விதைப்புக்கு ஏற்ற ஈரம் போய்விடுகின்றது. சில வேளைகளில் இயந்திரம் இயங்கத்தான் செய்யும். ஆனால் உள்ளே மறைந்திருந்த கூடு சூடேறித் தீப்பற்றும். இவ்விரண்டையும் விடக் கொடியது, கூட்டை வெறுங்கையால் அள்ளி எறிந்தவர் நோயுறுவதாகும். இம்மூன்றையும் பெரும்பணச் செலவின்றித் தடுக்கலாம்.

எலி ஏன் இயந்திரத்தை நாடுகின்றது?

இருள், அமைதி, ஒதுக்கிடம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்தால் எலி அங்கே கூடு கட்டும். போனற் எனப்படும் முன்மூடியின் கீழும், காற்று வடிகட்டியின் கூட்டுக்குள்ளும், பற்றரிப் பெட்டியிலும், இருக்கையின் அடியிலும் இம்மூன்றும் நிறைவாக உண்டு. சூடடிப்பின்போது இயந்திரத்தின் இடுக்குகளில் அகப்பட்ட வைக்கோலும் நெல்மணியும் அதற்குப் படுக்கையாகவும் உணவாகவும் அமைகின்றன. பக்கத்தில் நெல் மூடையோ வைக்கோற்போரோ இருந்தாற் கேட்க வேண்டியதில்லை.

சுண்டெலி 6 மில்லிமீற்றர் அகலமுள்ள இடைவெளியூடாக நுழையும். அதாவது ஒரு பென்சில் செல்லும் துவாரம் அதற்குப் போதும். எலி சூல் கொண்டு ஏறத்தாழ 3 வாரங்களில் ஈனும். ஓர் ஈற்றில் 6 தொடக்கம் 8 குட்டிகள் பிறப்பது சாதாரணம். பங்குனியில் உட்புகுந்த ஒரு சோடி புரட்டாதிக்குள் எத்தனையாகும் என்பதைக் கமக்காரரே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

வயரை எலி உணவுக்காக மாத்திரம் கடிப்பதாக எண்ணுதல் தவறு. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. தேயாமல் விட்டால் அவை ஆண்டொன்றுக்கு 10 சென்ரிமீற்றருக்கு மேல் வளரும். ஆகவே எதையாவது கறவிக்கொண்டிருத்தல் எலிக்கு இன்றியமையாதது.

எவ்வாறு கேடு விளைகின்றது?

வயரின் மேலுறை கடிபட்டுச் செம்புக்கம்பி வெளிப்பட்டால் மின்னோட்டம் வழிதவறி, வயர் சூடேறித் தீ மூளலாம். எரிபொருட் குழாய் கடிபட்டால் டீசல் ஒழுகும். அல்லது குழாயினுள் காற்றுப் புகுந்து இயந்திரம் இயங்காது போகும். காற்று வடிகட்டியின் கடதாசி மடிப்புகள் கிழிபட்டால் புழுதி நேரே இயந்திரத்தினுட் சென்று, சிலிண்டரையும் பிஸ்ரன் வளையங்களையும் அராவித் தேய்க்கும். இது உடனே தெரியாது. ஒரு போகம் உழுது முடிந்த பின்னரே மிகுபுகையாகவும் வலுக்குறைவாகவும் வெளிப்படும். றேடியேற்றரின் முன்னே அடைந்த சருகும் வைக்கோலும் காற்றோட்டத்தைத் தடுத்து இயந்திரத்தை அளவுமீறிச் சூடேற்றும். எலியின் சிறுநீர் உலோகத்தை அரிக்கும்.

இரு சில்லு உழவு இயந்திரத்தில் வயர்கள் குறைவு. ஆயினும் அதன் காற்று வடிகட்டிக்கும், எரிபொருட் குழாய்க்கும், பட்டி மூடிக்கும் இவ்வாபத்துகள் உண்டு.

நிறுத்தும் நாளிற் செய்யவேண்டியவை

1. இயந்திரத்தையும் இழுவைப் பெட்டியையும் நன்கு கழுவி, இடுக்குகளிலுள்ள வைக்கோல், உமி, நெல்மணி யாவற்றையும் அகற்றிக் காயவிடுக.

2. உபகரணப் பெட்டியில் துணித்துண்டு, சாக்கு, உணவுப்பொதி எதையும் விட்டுவைக்காதீர்கள். இவை எலிக்குப் படுக்கையாகும்.

3. நெல் மூடை, தவிடு, வைக்கோல் ஆகியவற்றை இயந்திரம் நிற்கும் கொட்டிலில் வைத்தல் ஆகாது. கொட்டிலைச் சுற்றி ஒரு மீற்றர் அகலத்துக்குப் புல்லும் பற்றையும் இன்றி வெட்டவெளியாக வைத்திருங்கள். எலி வெளியான இடத்தைக் கடக்க அஞ்சும்.

4. நிமிர்ந்த புகைக்குழாயின் வாயை வெறும் தகரப்பேணியாற் கவிழ்த்து மூடுக. காற்று உட்புகும் வாயை 6 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணுடைய கம்பிவலையால் மூடுக. துணியால் அடைத்தல் பயன் தராது. எலி அதைக் கிழித்துக் கூட்டுக்கு எடுத்துக்கொள்ளும்.

5. மூடிய இடங்களை ஒரு கடதாசியில் எழுதிச் சுக்கானிற் கட்டிவிடுக. ஆறு மாதங்களின் பின்னர் ஞாபகம் துணை செய்யாது.

6. பற்றரியின் எதிர்முனை வயரைக் கழற்றி வைக்கலாம். மின்னோட்டம் இல்லையேல் கடிபட்ட வயராலும் தீ மூளாது.

7. மழை படாத கொட்டிலாயின் போனற்றைத் திறந்து வைத்தல் நன்று. வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் எலி கூடு கட்ட விரும்பாது.

ஓய்வுக் காலத்திற் செய்யவேண்டியவை

வாரத்துக்கு ஒரு முறையாவது இயந்திரத்தைப் பார்வையிடுக. அரிசிமணி அளவான புழுக்கை சுண்டெலியினுடையது. அதனிலும் பெரியது எலியினுடையது. கிழிந்த கடதாசி, பஞ்சு, சிறுநீர் நாற்றம் ஆகியனவும் அடையாளங்களாம். ஒன்றும் காணப்படாவிடின், இரு வாரங்களுக்கு ஒரு முறை பற்றரியைப் பொருத்தி, மூடிகளைக் கழற்றி, இயந்திரத்தைக் கால் மணி நேரம் இயக்கிச் சற்று இடம் மாற்றி நிறுத்துக. அமைதி குலையும் இடத்தை எலி விட்டு விலகும்.

கொட்டிலிற் சுவர் ஓரமாகப் பொறி வையுங்கள். எலி சுவரை ஒட்டியே ஓடும் இயல்புடையது. கருவாடு, சுட்ட தேங்காய்த் துண்டு ஆகியன நல்ல இரைகள். புதிய பொருளை எலி ஐயுறும். ஆதலால் முதல் இரண்டு மூன்று இரவுகள் பொறியை விசையேற்றாது இரை மாத்திரம் வைத்துப் பழக்குக. தினமும் காலையில் பொறியைப் பார்த்து, அகப்பட்ட எலியை வெறுங்கையாற் தொடாது ஆழப் புதைத்துவிடுக. சிறுவரும் கோழியும் அணுகாதவாறு பொறி அமைதல் வேண்டும்.

இயந்திரத்தினுள் நஞ்சு வைத்தல் ஆகாது. நஞ்சுண்ட எலி கைக்கெட்டாத இடுக்கில் இறந்து அழுகும். நாயும் பூனையும் அதனை உண்டு மடிவதும் உண்டு. இரவில் எலி பிடிக்கும் ஆந்தையும், வளையினுட் புகுந்து பிடிக்கும் சாரைப்பாம்பும் கூலி கேளாத காவலர்கள், அவற்றைக் கொல்லாதீர்கள்.

கூடு காணப்பட்டால்

இருண்ட இடுக்கினுள் முதலிற் கையை விடாதீர்கள். எலியைத் தேடிப் பாம்பும் வந்திருக்கலாம். ரோர்ச் விளக்கால் ஒளி பாய்ச்சி, தடியாற் தட்டிப் பார்த்த பின்னரே வேலையைத் தொடங்குக.

பற்றரி வயரைக் கழற்றியபின், இறப்பர் கையுறை அணிந்து, வாயையும் மூக்கையும் மூடிக்கொள்ளுங்கள். கூட்டைக் காய்ந்தபடி தட்டுதலும், காற்றடித்து ஊதுதலும், துடைப்பத்தாற் பெருக்குதலும் கூடா. எச்சத்தூள் மூச்சுடன் உட்செல்லும். வீட்டுப் பாவனைக்கான குளோரீன் வெளிற்றுத் திரவம் 1 பங்குடன் தண்ணீர் 9 பங்கு கலந்து, கூடு நன்றாக நனையும்படி தெளித்து 5 நிமிடம் விடுக. இதனை வேறு துப்புரவுத் திரவங்களுடன் கலத்தல் ஆகாது. பின் கூட்டை எடுத்துப் பையிலிட்டுப் புதைக்கவும். மின்பாகங்களின் மேல் திரவத்தை ஊற்றாது, நனைத்த துணியாற் துடைத்து, நல்ல தண்ணீர்த் துணியால் மீண்டும் துடைத்துக் காயவிடுக. கையுறையைக் கழற்றியதும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும்.

எலிக்காய்ச்சல்

எலியின் சிறுநீரிலுள்ள கிருமி, காயம் அல்லது கீறல் வழியாகவும், கண், வாய், மூக்கின் மென்றோல் வழியாகவும் உடலினுட் புகுந்து எலிக்காய்ச்சலை உண்டாக்குகின்றது. இக்கிருமி காய்ந்த இடத்தில் விரைவில் மடியும். ஈரத்திலும் சேற்றிலும் பல நாட்கள் உயிர்வாழும். ஆகவே வயற் சேறே பெரிய ஆபத்தாயினும், புதிய கூட்டின் ஈரத்தையும் அஞ்சுதல் வேண்டும். இயந்திரம் திருத்துவோரின் கைகளிற் கீறல் இல்லாத நாள் அரிது.

2008 ஆம் ஆண்டில் இலங்கையில் 7000 இற்கு மேற்பட்டோர் இந்நோய்க்கு ஆளானதாகக் கருதப்பட்டுப் பதிவாயினர். 2024 டிசெம்பரில், பெருமழை வெள்ளத்தின் பின் யாழ்ப்பாண மாவட்டத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சலும் எலிக்காய்ச்சலே எனச் சோதனையில் உறுதியாயிற்று.

காய்ச்சல், கடுந்தலையிடி, கெண்டைக்கால் நோவு, கண் சிவத்தல், சிறுநீர் குறைதல் ஆகியன இதன் குறிகள். கிருமி புகுந்து பெரும்பாலும் ஒன்று இரண்டு வாரங்களில் இவை தோன்றும். கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக் காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்க. வயலில் வேலை செய்ததையும் எலிக்கூடு துப்புரவாக்கியதையும் வைத்தியரிடம் தவறாது கூறுக. முற்கூட்டியே சிகிச்சை பெற்றால் குணமாகும் நோய் இது. வயலில் இறங்குமுன் தடுப்பு மாத்திரை பெறுவது பற்றிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விசாரிக்கலாம்.

மீண்டும் இயக்கும் முன்

முதல் மழைக்குக் காத்திராது, இரு வாரங்களுக்கு முன்பே இயந்திரத்தைத் திறந்து பாருங்கள். சுக்கானிற் கட்டிய கடதாசியைப் பார்த்து எல்லா மூடிகளையும் அகற்றுக. காற்று வடிகட்டியை வெளியே எடுத்து வெளிச்சத்திற் பிடித்துச் சோதிக்க. கிழிசல் இருப்பின் புதியது இடுக. வயர்களையும் குழாய்களையும் விரலால் நீவிப் பார்த்து, கடிபட்டவற்றை மாற்றுவிக்க. புகைக்குழாயைச் சுற்றிச் சருகோ வைக்கோலோ இல்லை என உறுதி செய்க. பற்றரியைக் கடைசியாகவே பொருத்துக.

முதன்முறை இயக்கும்போது கொட்டிலுக்கு வெளியே, வைக்கோற்போருக்கு எட்டத்தில் நிறுத்தி இயக்குக. அருகில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். எரியும் டீசலின் மேல் தண்ணீர் ஊற்றுதல் தீயைப் பரப்பும். கருகும் நாற்றம் வந்தால் உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள்.

நீரிறைக்கும் இயந்திரம், சூடடிக்கும் இயந்திரம், மாதக்கணக்கில் ஓடாது நிற்கும் கார், வான் ஆகியவற்றுக்கும் இம்முறைகள் பொருந்தும்.

கமக்காரர்களே! இயந்திரத்தை நிறுத்தும் நாளில் ஒரு மணி நேரமும், இயக்கும் நாளுக்கு முன் ஒரு மணி நேரமும் செலவிடுங்கள். விதைப்பு நாளில் உங்கள் இயந்திரம் வயலில் நிற்கும். மேலதிக விபரங்களுக்கு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கண்டு ஆலோசனை பெறுங்கள்.