பூனைக்கு ‘எய்ட்ஸ்’ என்றால் கைவிட்டுவிடலாமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரை)



லிட்டில் இந்தியாவில் கடைவீடுகளின் பின்சந்துகளில் நடந்து பாருங்கள். அரிசி மூட்டையின் மேலோ உணவகத்தின் பின்வாசலிலோ ஒரு பூனை படுத்திருக்கும். கடைக்காரர் அதற்குச் சோறு வைப்பார்; பெயரும் வைத்திருப்பார். சில ஆண்டுகள் கழித்து அது இளைத்துப்போகிறது. வாயில் எச்சில் வடிகிறது. தட்டருகே வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, உண்ணாமல் திரும்பிவிடுகிறது. விலங்கு மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, “எஃப்ஐவி இருக்கிறது” என்கிறார். ‘பூனைக்கு வரும் எய்ட்ஸ்’ என்று யாரோ விளக்கம் சொல்ல, அந்த ஒரு சொல்லால் எல்லாருக்கும் அச்சம். பிள்ளைகளை அதனருகே விடுவதில்லை. ஊசி போட்டு முடித்துவிடலாமா என்ற பேச்சு அன்றைக்கே எழுந்துவிடுகிறது.

அந்த அச்சம் சரிதானா?

சிங்கப்பூரில் மனிதருக்கு எச்ஐவி தொற்றியது முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1985ல். அடுத்த ஆண்டே, 1986ல், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் நோயுற்ற பூனைகளை ஆராய்ந்த நீல்ஸ் பெடர்சன் குழுவினர் எஃப்ஐவி கிருமியைக் கண்டுபிடித்தனர். எச்ஐவியும் எஃப்ஐவியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனால் எஃப்ஐவி மனிதருக்குத் தொற்றாது; நாய்க்கும் தொற்றாது. பூனையைத் தூக்கினாலும், அது உங்கள் கையைக் கீறினாலும் இந்தக் கிருமி உங்களுக்கு வராது.

பூனைக்குப் பூனை இது பரவுவது பெரும்பாலும் ஆழமான கடியினால். அதனால்தான் இடத்துக்காகவும் துணைக்காகவும் சண்டையிடும், கருத்தடை செய்யப்படாத ஆண் பூனைகளிடம் இது அதிகம். ஒற்றுமையாக வாழும் பூனைகள் ஒரே தட்டில் உண்பதால் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. மூர்க்கமாகச் சண்டையிட்டால் மட்டும் பிரித்து வைக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வழக்கமான சோதனை தேடுவது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அந்த எதிர்ப்பொருள் தாயிடமிருந்து குட்டிக்கும் வரக்கூடும். ஆகவே ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிக்குத் தொற்று இருப்பதாக முடிவு வந்தால், பிறகு மறுபடியும் சோதிக்க வேண்டும். கடிபட்ட பூனைக்கும் அப்படித்தான். தொற்று இல்லை என்று வந்தாலும் சுமார் 60 நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்பது நல்லது.

தொற்றிய பிறகு பல ஆண்டுகள் எந்தத் தொல்லையுமின்றி வாழும் பூனைகள் உண்டு. கிருமியை அறவே ஒழிக்கும் மருந்து இல்லை. ஆனால் பூனையை வாட்டுவது பெரும்பாலும் அந்தக் கிருமி அல்ல. எதிர்ப்பாற்றல் குறைந்த உடலில் புகும் மற்ற நோய்கள். வாய்ப்புண், ஈறு வீக்கம், சளி, தோல் புண் ஆகியவற்றில் பலவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

நோய் முற்றிய பூனையைப் பார்த்துக்கொள்வது எப்படி?

முதலில் உணவு. பூனை தட்டை விட்டு விலகுவது பெரும்பாலும் பசியின்மையால் அல்ல, வாய் வலியால். வலி மருந்து உதவும். சில பூனைகளுக்குப் பற்களைப் பிடுங்கிவிடுவதே நிவாரணம். பல்லில்லாமலும் ஈர உணவை அவை நன்றாகவே உண்ணும். உணவை இளஞ்சூடாக்கினால் மணம் எழும். மணம்தான் பூனையை அழைக்கும். ஒரு முழு நாள் உண்ணவில்லை என்றாலே மருத்துவரை அழையுங்கள். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

தேக்கா சந்தையில் வாங்கிய மீனின் தலையைப் பச்சையாகப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. எஃப்ஐவி உள்ள பூனைக்கு அது கூடாது. பச்சை உணவிலுள்ள கிருமிகளை அதன் உடல் தாங்காது. வெங்காயமும் பூண்டும் கலந்த குழம்புச் சோறு எந்தப் பூனைக்கும் நஞ்சு. காய்ச்சல் என்று அரை பனடோல் கொடுத்துவிடாதீர்கள். அந்த அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். நாம் தேய்த்துக்கொள்ளும் தைலத்தையும் அதன் மேல் தடவாதீர்கள்.

உடலில் நீர் வற்றினால் தோலுக்கடியில் திரவம் ஏற்றும் முறையை மருத்துவரே கற்றுத் தருவார்; வீட்டிலேயே செய்யலாம். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். அது மற்றப் பூனைகளுக்கும் பாதுகாப்பு, அதற்கும் பாதுகாப்பு.

வீவக வீடுகளில் 1989 முதல் இருந்த பூனைத் தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை உரிமம் பெற்று, மைக்ரோசிப் பொருத்தி வளர்க்கலாம். தெருவில் நோயுற்ற பூனையை முறைப்படி வீட்டுக்குள் அழைத்துக்கொள்ள இது வழி திறந்திருக்கிறது. சமூகப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்யும் திட்டத்தையும் தேசியப் பூங்காக் கழகம் அப்போதே தொடங்கியது. கருத்தடை நடந்தால் சண்டை குறையும். சண்டை குறைந்தால் எஃப்ஐவி பரவுவதும் குறையும்.

எவ்வளவு பார்த்தும் தேறாத நிலை வரலாம். அப்போது நாட்காட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உண்டதா, வலியின்றித் தூங்கியதா, தன் உடலைத் தானே நக்கிச் சுத்தம் செய்ததா, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்த்ததா என்று நாள்தோறும் குறித்து வாருங்கள். நல்ல நாள்களைவிடக் கெட்ட நாள்கள் பெருகும்போது மருத்துவரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். அப்போது எடுக்கும் முடிவு இரக்கத்தால் எடுப்பது. சோதனை முடிவு வந்த அன்றே எடுப்பது அச்சத்தால் எடுப்பது.

உங்கள் வீட்டிலோ கடையிலோ ஒரு பூனை தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறதா? எய்ட்ஸ் என்ற சொல்லுக்குப் பயந்து தாமதிக்காமல், நாளைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் அதன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.