கோழித் தீவனமும் கழிவுக் கணக்கும்

நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தினருக்கு நூல் வழங்கும்போது நிறுத்துக் கொடுக்கிறோம். அவர் நெய்து கொண்டுவரும் துணியையும் நிறுத்தே வாங்குகிறோம். இடையில் கழிந்த நூல் எவ்வளவு, அது அனுமதித்த அளவுக்குள் அடங்குகிறதா என்பதைப் பதிவேட்டில் குறிக்கிறோம். விவசாய அங்கத்தினரும் இவ்விஷயத்தில் சளைத்தவர் அல்லர். களத்தில் சிதறிய நெல்லைக் கூட்டி அள்ளாமல் அவர் வீடு திரும்புவதில்லை. ஆனால் இவ்விருவர் வீட்டுப் புழக்கடையிலும் நாள்தோறும் சிந்தி வீணாகும் ஒரு பொருளுக்குப் பதிவேடும் இல்லை, தராசும் இல்லை. அப்பொருள் கோழித் தீவனம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பிடித்துக்கொண்டால் பாவு காயாது, தறிக்குழியில் ஈரம் ஊறும், கூலி குறையும். நடவுக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட நாட்களில் விவசாயியின் நிலையும் ஏறத்தாழ அதுவே. அத்தகைய நாட்களில் வீட்டுப் பெண்மணியின் கையில் முட்டை விற்ற காசு இருப்பது எவ்வளவு பெரிய ஆதரவு என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அவ்வாறிருந்தும், “தீவனச் செலவு கட்டுப்படியாகவில்லை, கோழிகளை விற்றுவிட்டோம்” என்ற சொல்லை நாம் கிராமங்களுக்குச் செல்லும்போது அடிக்கடி கேட்க நேர்கிறது. கோழி வளர்ப்பில் ஆகும் மொத்தச் செலவில் நூற்றுக்கு அறுபது முதல் எழுபது பங்கு தீவனத்துக்கே போகிறது. ஆகவே கோழியை விற்பதற்கு முன், அது உண்ணும் தட்டைச் சற்றே உற்று நோக்குவது நலம்.

வீணாவது எவ்வாறு?

கோழிக்குக் கிளறுவது பிறவிக் குணம். தட்டில் தீவனம் நிறைந்திருந்தால் அது அலகைப் பக்கவாட்டில் வீசி, மாவை ஒதுக்கி, மக்காச்சோளத் துண்டுகளைத் தேடும். ஒதுக்கப்பட்ட மாவு விளிம்பைத் தாண்டி மண்ணில் விழும். தட்டு தாழ்வாக இருந்தால் உள்ளே ஏறி நின்று காலால் இறைக்கும், எச்சமும் இடும்.

தொட்டியை விளிம்பு வரை நிரப்பினால் நூற்றுக்கு முப்பது பங்கும், மூன்றில் இரண்டு பங்கு நிரப்பினால் பத்துப் பங்கும், பாதியளவு நிரப்பினால் மூன்று பங்கும், மூன்றில் ஒரு பங்கு மட்டும் நிரப்பினால் ஒரு பங்கும் வீணாகும் என்பது கோழி வளர்ப்புப் பயிற்சிகளில் நெடுநாளாகக் கற்பித்துவரும் கணக்கு. இதை ஒரு குடும்பத்தின் வரவு செலவில் வைத்துப் பார்ப்போம். அடைத்து வளர்க்கும் முட்டைக்கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் வேண்டும். பத்துக் கோழிகளுக்கு மாதம் 33 கிலோ ஆகிறது. நிரம்பிய தொட்டியில் இட்டால் இதில் ஏறக்குறைய 10 கிலோ வீண். கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 300 ரூபாய், ஆண்டுக்கு 3,600 ரூபாய் மண்ணில் கொட்டியதாகும். பத்துக் கோழிகளுக்கென்று வாங்கிய தீவனத்தில் மூன்று கோழிகளின் பங்கு எந்தக் கோழியின் வயிற்றுக்கும் போவதில்லை. கோழிகள் அரைவயிறாக இருக்க, முட்டையும் குறைகிறது. பகலில் வெளியில் மேய்ந்து மாலையில் மட்டும் தீனி பெறும் கோழிகளுக்குச் செலவு குறைவு. ஆனால் வீணாகும் விகிதம் அதேதான்.

சிந்தியதைக் கோழியே பொறுக்கித் தின்றுவிடாதா என்று சிலர் வினவுவர். முழுத் தானியமாயின் பொறுக்கும். அரைத்த தீவனம் மண்ணோடும் எச்சத்தோடும் கலந்தபின் பெரும்பகுதி திரும்பக் கிடைப்பதில்லை. கிடைப்பதை உண்ணும் கோழிக்குக் குடற்புழுவும் இரத்தக் கழிச்சலும் வர ஏதுவாகிறது. எஞ்சியதை இரவில் எலி உண்கிறது. எலி பெருகினால் நூலுக்கும் நெல்லுக்கும் சேதம் என்பதோடு, அதன் சிறுநீரால் மனிதருக்கு எலிக்காய்ச்சல் பரவும் அபாயமும் உண்டு.

நல்ல தொட்டியின் இலக்கணம்

விலை கொடுத்து வாங்கினாலும் வீட்டிலேயே செய்தாலும் தொட்டியில் நான்கு அம்சங்களைக் கவனித்தல் வேண்டும். முதலாவது, தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு மட்டத்துக்கு இருக்க வேண்டும். கோழி தலையைத் தாழ்த்தி உண்ணலாம். வாரி இறைக்க இயலாது. இரண்டாவது, விளிம்பு உட்புறமாக ஒரு விரற்கடையளவு மடிந்திருக்க வேண்டும். அலகால் தள்ளிய தீவனம் அம்மடிப்பில் பட்டுத் திரும்பத் தொட்டியிலேயே விழும். மூன்றாவது, கோழி உள்ளே ஏறவோ மேலே அமரவோ இடம் தரலாகாது. நான்காவது, எல்லாக் கோழிகளும் ஒரே வேளையில் உண்ண இடம் வேண்டும். வளர்ந்த கோழி ஒன்றுக்குப் பத்து சென்டிமீட்டர் விளிம்பு போதுமானது. இடம் குறைந்தால் வலிய கோழி எளிய கோழியை விரட்டும். அத்தள்ளுமுள்ளிலும் தீவனம் சிந்தும். குஞ்சுகளுக்குத் தொடக்கத்தில் ஒன்றுக்கு இரண்டரை சென்டிமீட்டர் போதும். அவற்றுக்குத் தனித் தொட்டியே ஏற்றது.

செய்யும் முறைகள்

யாவற்றிலும் எளியது மூங்கில் தொட்டி. பருத்த மூங்கிலில் இரு முனைகளிலும் கணு நிற்கும்படி 60 சென்டிமீட்டர் நீளத் துண்டு ஒன்றை அறுத்துக்கொள்ள வேண்டும். இடையில் கணு இருப்பின் கேடில்லை. இதைச் சரிபாதியாகப் பிளக்கலாகாது. மேற்புறத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நீளவாக்கில் செதுக்கி எடுக்க வேண்டும். அப்போது இருபுற விளிம்புகளும் தாமாகவே உட்புறம் வளைந்து நிற்கும். மடிப்புக்கெனத் தனிச் சட்டம் தேவையில்லை. சிம்பு குத்தாதபடி விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும். நான்கு அங்குல பிளாஸ்டிக் குழாயையும் இவ்வாறே வெட்டி, இரு முனைகளிலும் மூடி இட்டுப் பயன்படுத்தலாம். இருபுறமும் நின்று உண்டால் இத்தொட்டியில் பன்னிரண்டு கோழிகளுக்கு இடமுண்டு.

தொட்டியை இரு முனைகளிலும் பலகையில் பொருத்தி, முதுகு மட்டம் வரும்வரை செங்கல் அடுக்கி உயர்த்த வேண்டும். விளிம்புக்கு மேலே கோழியின் தலை நுழையும் அளவு இடைவெளி விட்டு, பலகைக்குப் பலகை ஒரு கழியை ஆணியில் தளர்வாகக் கோத்துவிட வேண்டும். அக்கழி ராட்டையின் கதிர்போல் எளிதில் சுழல வேண்டும். மேலே ஏறும் கோழி கால் வழுக்கி இறங்கிவிடும். இரண்டொரு நாளில் ஏறும் பழக்கத்தையே விட்டுவிடும்.

தொங்கும் தொட்டி மற்றொரு வகை. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியின் அடிப்புறத்தில், சுற்றுச் சுவரில் நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள துளைகள் ஐந்தாறு இட வேண்டும். வாளியைவிட அகன்ற, உயர்ந்த விளிம்புடைய தட்டின் நடுவில் அதை வைத்துத் திருகாணியால் இறுக்கி, கயிற்றில் தொங்கவிட வேண்டும். தட்டில் உள்ளது குறையக் குறைய வாளியிலிருந்து தீவனம் இறங்கும். தட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறினால் துளைகளைச் சிறிது அடைத்துக்கொள்ளலாம். கோழி வளர வளரக் கயிற்றை உயர்த்திக்கொள்ளும் வசதி இதில் உண்டு. மழைக்காலத்தில் தீவனம் இறுகி நின்றுவிடுமாதலால் அவ்வப்போது வாளியைத் தட்டிவிட வேண்டும்.

கோழி மிதித்தால் மூடி திறக்கும் தீனிப்பெட்டியும் கடைகளில் கிடைக்கிறது. தறியின் மிதியை அறிந்த நெசவாளருக்கு அதன் நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. காக்கை, அணில், எலித் தொல்லை மிகுந்த இடத்துக்கு அது ஏற்றது. எனினும் விலை அதிகம். கோழியைப் பழக்க நாளாகும். குஞ்சுகள் உள்ள இடத்தில் அவை மூடியில் நசுங்க இடமுண்டு. ஐந்தாறு கோழிகள் உள்ள வீட்டுக்கு மூங்கிலே போதும் என்பது நமது கருத்து.

தொட்டி மட்டும் போதுமா?

எவ்வளவு நல்ல தொட்டியாயினும் அதை நிரப்பும் கை கட்டுப்பாடாக இருத்தல் அவசியம். ஒரே வேளையில் கொட்டாமல் காலை, மாலை இரு வேளையும் சிறிது சிறிதாக இட வேண்டும். நாளுக்கு ஒருமுறை தொட்டி காலியாக வேண்டும். அப்போதுதான் அடியில் தங்கிய மாவும் செலவாகும். முட்டை ஓட்டுக்கான கிளிஞ்சலைத் தனிக் கலத்தில் வைத்தால் அதைத் தேடிக் கிளறும் வேலை குறையும்.

தொட்டி கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதை வற்புறுத்திச் சொல்கிறோம். நனைந்த தீவனத்தில் பூஞ்சணம் பிடிக்கும். 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் திடீரென மடிந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்திருந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் உண்டாக்கிய நஞ்சே காரணம் என்று பின்னர் விளங்கியது. அதற்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டனர். கடலைப் பிண்ணாக்கு நம் நாட்டிலும் பெருவழக்கில் உள்ள தீவனம். ஆகவே கட்டியாகி நாற்றமடிக்கும் தீவனத்தைச் சிக்கனம் கருதிக் கோழிக்கு இடுவது சிக்கனமாகாது. மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வைக்க வேண்டும். ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்கிச் சேர்க்கலாகாது.

சங்கம் செய்யத்தக்கது

தனியொருவர் ஒரு தொட்டி செய்ய மூங்கிலும் ஆணியும் தேடி அலைவதைவிட, சங்கம் மொத்தமாக வாங்கி, உள்ளூர்த் தச்சரைக் கொண்டு ஒரே அளவில் செய்வித்து அடக்க விலைக்கு வழங்குவது எளிது. கூலியும் ஊரிலேயே தங்கும். மாதமொருமுறை தீவனத்தைக் கூட்டாகக் கொள்முதல் செய்தால் விலையும் குறையும், சரக்கும் புதிதாக இருக்கும். கோழி பெரும்பாலும் பெண்களின் பொறுப்பில் இருப்பதால், இது குறித்த கூட்டத்துக்கு அவர்களையே அழைப்பது முறை. தொட்டியின் உயரத்தையும் நிரப்பும் அளவையும் பற்றி வீட்டுத் தலைவரிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை.

அங்கத்தினர் ஒவ்வொருவரும் இன்றே செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. காலையில் தட்டின் கீழ் ஒரு கோணிச் சாக்கை விரித்துவைத்து, மாலையில் அதன்மேல் சிந்திக் கிடப்பதைக் கூட்டி, எச்சத்தை நீக்கி நிறுத்துப் பாருங்கள். அந்த எடையை முப்பதால் பெருக்கினால் மாதக் கழிவு தெரியும். தீவன விலையால் பெருக்கினால் நஷ்டம் தெரியும். தொட்டியை மாற்றிய பின் மீண்டும் ஒருமுறை நிறுங்கள். இரண்டு எடைகளையும் முட்டைக் கணக்கு எழுதும் அதே நோட்டில் அருகருகே எழுதி வையுங்கள். நூலுக்குக் காட்டும் கண்டிப்பைத் தீவனத்துக்கும் காட்டினால், கோழியை விற்பதா வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு அந்த நோட்டே விடை கூறும்.