இமயத்தில் சுமை சுமக்கும் வெள்ளாடுகள்

சாலை முடிவுறும் இடத்தில்தான் மலைநாட்டின் போக்குவரத்துப் பிரச்சினை தொடங்குகிறது. தானியம், உப்பு, கூடாரம், சமையற்கலம் ஆகியவற்றை அதற்கு அப்பால் கொண்டு செல்ல மனிதனின் முதுகு, கோவேறு கழுதை, யாக் எருது ஆகியவற்றோடு வெள்ளாடும் செம்மறியாடும் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்துள்ளன. உருவிற் சிறியவையாயினும் இவற்றின் பணி புறக்கணிக்கத்தக்கதன்று.

உத்தராகண்டத்தின் ஜோஹார், நீத்தி, மானா முதலிய பள்ளத்தாக்குகளில் வாழும் போட்டியா மக்கள் தானியத்தைத் திபெத்திற்குக் கொண்டு சென்று, உப்பும் கம்பளியும் பெற்றுத் திரும்பினர். அவ்வாணிபத்தின் பெரும்பகுதி ஆட்டு மந்தைகளின் முதுகிலேயே நடைபெற்றது. ஜோஹாரைச் சேர்ந்த நில அளவையாளர் நயின் சிங், 1874-இல் லேயிலிருந்து லாசா நோக்கிப் புறப்பட்டபோது, 26 செம்மறியாடுகளின் மீதே தம் பொருள்களை ஏற்றிச் சென்றார். வழியிற் கிடைத்த புல்லே அவற்றின் உணவு.

சுமையும் திறனும்

சுமைக்குப் பெரும்பாலும் விதையடித்த கிடாக்களே ஏற்றவை. அவை உடல் பெருத்து வளர்வதுடன், சினப்பருவக் குழப்பமின்றி அமைதியாக நடக்கும். உடல் எடையில் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் ஏற்றுதல் கூடாது. எனவே 40 கிலோ எடையுள்ள கிடாவிற்கு 10 கிலோவே உச்ச அளவு. இத்தகைய 100 ஆடுகள் சேர்ந்து 1 டன் சுமையைக் கொண்டு சேர்க்கும். கம்பளி அல்லது ஆட்டு மயிரால் நெய்த இரட்டைப் பைகள் முதுகின் இருபுறமும் சம எடையாகத் தொங்கவிடப்படுகின்றன. எடை ஒருபுறம் சாய்ந்தால் முதுகில் புண் உண்டாகும். புண்பட்ட ஆடு பயணம் முழுவதற்கும் பயனற்றதாகிவிடும்.

கோவேறு கழுதை ஏறக்குறைய 70 கிலோ சுமக்கும். ஆயினும் அதற்கு அகலமான பாதையும் தீவனமும் தேவை. வெள்ளாட்டின் குளம்பு விளிம்பிற் கடினமாகவும் உட்புறம் மென்மையாகவும் இருப்பதால், அது செங்குத்தான பாறையிலும் வழுக்காமல் நிற்கிறது. புல் அரிதான இடத்தில் புதரையும் தழையையும் தின்று பிழைக்கிறது. மேய்ந்துகொண்டே செல்வதால் வேகம் குறைவு என்பதே இதன் குறை. இமாசலத்தின் கத்தி இனமும், பஷ்மினா தரும் சேகு இனமும் இப்பணிக்குப் பயன்பட்டவை.

மாறிவரும் நிலை

1962-இல் எல்லைப் போருடன் திபெத்திய வாணிபம் நின்றது. 1992-இல் லிப்புலேக் வழியாக வரையறுக்கப்பட்ட அளவில் மீண்டும் தொடங்கியபோதிலும் பழைய மந்தைகள் திரும்பவில்லை. சாலைகள் உயரப் பள்ளத்தாக்குகளை எட்டிவருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் நிலச்சரிவு சாலையைத் துண்டிக்கும் நாட்களில், கடைக்கோடிக் கிராமத்திற்கு உணவு செல்ல வேறு வழி வேண்டும். மந்தையை விற்றுவிட்ட குடும்பம் அதை ஓராண்டில் மீண்டும் உருவாக்கிவிட முடியாது. பைகளை நெய்யும் கைத்திறனும் அவ்வாறே.

எஞ்சியுள்ள மந்தைகளைக் காக்க மூன்று பணிகள் இன்றியமையாதவை. முதலாவது, ஆட்டுக்கொல்லி நோய்க்கு எதிரான தடுப்பூசி. இந்நோய் மேய்ச்சல் நிலங்களில் காட்டு ஆடுகளுக்கும் பரவக்கூடியது. இரண்டாவது, வழிநெடுகிலும் மேய்ச்சல் உரிமையும் தங்குமிடமும். மூன்றாவது, வனப்பணி, நில ஆய்வு, மலையேற்றம் ஆகியவற்றிற்கு இம்மந்தைகளைக் கூலிக்கு அமர்த்துதல். உழைப்பிற்கு ஊதியம் கிடைத்தாலன்றி எக்கால்நடையும் எக்குடும்பத்திலும் நிலைத்திராது.