புத்தருக்கு முன்னே ஒலிக்கும் மேளம்

பௌத்தத்தில் சாதி இல்லை என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். புத்தர் சொன்னதில் இல்லைதான். ஆனால், அவர் பெயரால் நடக்கும் திருவிழாக்களில்?

இலங்கையின் கண்டி நகரில், புத்தரின் புனிதப் பல்லைப் போற்றும் தலதா மாளிகையில் ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எசல பெரஹெரா நடக்கிறது. நம் ஊரில் பந்தக்கால் நடுவதுபோல, அங்கே பால் வடியும் மரத்தில் கால் வெட்டி நடுகிறார்கள். நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி என நான்கு தேவாலயங்களில் அது நடப்படுகிறது. பத்தினி வேறு யாருமல்ல, நம் கண்ணகிதான். கதிர்காமத் தெய்வம் நம் முருகன். முன்பு இத்தெய்வங்களுக்கே நடந்த ஊர்வலத்தில், 18-ஆம் நூற்றாண்டில்தான் புத்தரின் பல்லுக்கு முதலிடம் தரப்பட்டது. தந்தவர் நாயக்கர் வம்சத்து மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்.

கும்பல் பெரஹெரா 5 இரவுகள், ரந்தோலி பெரஹெரா 5 இரவுகள். சாட்டையடி ஓசை முன்னே வர, தீப்பந்தம், கொடி, மேளம், ஆட்டம், யானைகள் என ஊர்வலம் நீளும். பேழையைச் சுமக்கும் கொம்பன் யானையின் காலடியில் வெள்ளைத் துணி விரிப்பார்கள். கெட்டம்பையில் மகாவலி ஆற்று நீரை வாளால் வெட்டி விழாவை நிறைவு செய்வார்கள்.

அந்த மேளத்தை அடிப்பவர் யார்? வழிவழியாக அது 'பெறவா' எனும் மேளக்காரச் சாதியின் கடமை. வெள்ளைத் துணி தருவது சலவைத் தொழிலாளர் சாதியின் கடமை. கோயில் நிலத்தை உழுது உண்பதற்கு ஈடாக இந்த ஊழியம். 1832-இல் ஆங்கிலேயர் கட்டாய அரச ஊழியத்தை ஒழித்தபோதும் கோயில் நிலங்களுக்கு விலக்கு அளித்தார்கள். துறவறத்திலும் இதே கதைதான். 1753-இல் கண்டியில் தொடங்கிய சியாம் நிகாயம், பின்னர் கொவிகம எனும் வேளாளச் சாதியினருக்கு மட்டுமே என்றானது. மற்றவர்கள் பர்மா சென்று துறவு பெற்று வந்து, 1803-இல் அமரபுர நிகாயம் கண்டார்கள்.

இன்று கண்டி மேளம் அந்த நாட்டின் பெருமை. பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் கற்கிறார்கள். ஆனாலும், அதைக் காத்துத் தந்தவர்களின் சாதிப் பெயர் இழிவாகவே ஒலிக்கிறது. நம் பறைக்கும் இதே நிலைதானே? மேடையில் கைதட்டல், ஊரில் சாவுக்கு அடிக்கச் சொல்லி அழைப்பு.

அம்பேத்கர் 1956-இல் நாகபுரியில் தம்மம் ஏற்றபோது 22 உறுதிமொழிகளையும் சேர்த்தே தந்தார். மனிதர் அனைவரும் சமம் என்பது அவற்றுள் ஒன்று. மதம் மாறினால் மட்டும் போதாது, பழக்கமும் மாற வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

மேளம் ஒலிக்கட்டும். விரும்பியவர் கையில் ஒலிக்கட்டும். பிறப்பால் யார் தோளிலும் அதை மாட்ட வேண்டாம்.