சிறுவர் உழைப்பும் ‘உதவி’ என்னும் சொல்லும்

சிறுவர் செய்யும் வேலை யாவும் கொடுமை ஆகா. தாய்க்கு நீர் மொண்டு தருதலும், மாலையில் கன்றினைப் பிடித்துக் கட்டுதலும் வளர்ப்பின் கூறுகளே. பள்ளியை இழந்து, உடல் நலிய, பிறர் ஊதியத்தின் பொருட்டு உழைக்கும் சிறுவனின் நிலை வேறு. இவ்விரண்டினையும் பிரிக்கும் எல்லை யாது, ‘உதவி’ என்னும் சொல் அவ்வெல்லையை எங்ஙனம் மறைக்கின்றது என்பன ஈண்டு ஆராயப்படும்.

குறிஞ்சித் திணைப் பாடல்களில் இளமகளிர் தினைப்புனம் காக்கின்றனர். கிளி கடிதற்குரிய தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளைக் குறிஞ்சிப்பாட்டுக் கூறுகின்றது. இவற்றைச் சான்றாகக் கொண்டு, சிறுவர் உழைப்பு நம் மரபே எனின், அது பொருந்தாது. அம்மகளிர் காத்த புனம் அவர்தம் குடியினது. கதிர் கொய்தவுடன் காவல் முடிந்தது. கூலி பேசி ஏவுவார் எவரும் ஆண்டு இலர். மேலும், குழந்தைமையைப் பருவம் பருவமாக வகுத்த பிள்ளைத்தமிழில் சிற்றிலும் சிறுபறையும் சிறுதேரும் ஊசலும் உள. கூலித்தொழிலுக்கென ஒரு பருவம் இல்லை.

இனி, அண்மைக் காலச் சான்று ஒன்றனை நோக்குவோம். மழை பொய்க்கும் கரிசல் நிலமாகிய சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பகுதிகளில் 1920களில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. வேளாண்மை கைவிட்ட குடும்பங்களுக்கு அது வாழ்வளித்தது என்பது உண்மை. ஆனால், அத்தொழிலின் ஆட்பலத்தில் சிறுமியரும் சிறுவரும் பெரும்பங்கினர் ஆயினர். சட்டங்களில் குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், முகப்புத்தாள் ஒட்டுதல் ஆகியன அவர் கைக்கு வந்தன. 1970, 1980களில் விடியுமுன் ஊர்தோறும் வண்டிகள் வந்து அவர்களை ஏற்றிச் சென்றன. பெற்றோர் வாங்கிய முன்பணம் பிள்ளையின் உழைப்பால் கழிந்தது.

இங்கு மக்கள் வழக்கு ஆராயத்தக்கது. தொழிற்சாலைக்குத் ‘தீப்பெட்டி ஆபீசு’ என்று பெயர். பெட்டித்தாளை வீட்டிற்கு வாங்கி வந்து தாயும் மக்களும் ஒட்டினால், மக்கள் ‘கூடமாட உதவுவோர்’ ஆவர். எண்ணிக்கைக்குக் கூலி, கூலி தாயின் பெயரில். பிள்ளையின் விரல்கள் செய்த வேலை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. சொல் மாறியதால் தொழிலாளி மறைந்தான், தொழில் மறையவில்லை.

சட்டத்தின் வரலாறும் இதனையே காட்டுகின்றது. பெற்றோர் பணம் பெற்றுப் பிள்ளையின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது என 1933ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டும் பதினான்கு வயது நிரம்பாதாரைத் தடுத்தது. குடும்பத்தார் உதவியுடன் நடக்கும் பட்டறைக்கு விலக்கும் அளித்தது. 1996இல் உச்சநீதிமன்றம், சிவகாசி பற்றிய வழக்கில், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என ஆணையிட்டது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதிற்குட்பட்டாரை எல்லாத் தொழில்களிலும் தடுத்தது. எனினும், ஆபத்தற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரத்திற்குப் பின்னரும் விடுமுறையிலும் உதவலாம் என்னும் விலக்கு நின்றது. வீட்டினுள் நடப்பதனை யார் அளப்பார் என்னும் வினாவும் அதனோடு நின்றது.

இவ்வினா நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. உலகில் 13.8 கோடிச் சிறார் தொழிலில் உள்ளனர் என்பது 2024ஆம் ஆண்டிற்கான பன்னாட்டு மதிப்பீடு. அவருள் நூற்றுக்கு 61 பேர் வேளாண்மையில் உள்ளோர். அவருட் பெரும்பாலார் தம் குடும்பத்தாருடன் உழைப்போர். வீட்டுவேலை என்னும் பெயரே அவர்க்கு முதற்றடை.

ஆதலின், எல்லையை இடத்தால் வகுத்தல் போதாது. வீடு எனினும் ஆலை எனினும் மூன்று வினாக்களால் வகுத்தல் வேண்டும். உழைப்பின் பயன் யாரைச் சேர்கின்றது? அவ்வுழைப்பால் குழந்தை இழப்பது யாது? வேண்டாம் என விலக அதற்கு உரிமை உண்டா? இவற்றிற்கு விடை கண்ட பின்னரே ‘உதவி’ என்னும் சொல்லை நாம் ஆளுதல் தகும். சொல்லாராய்ச்சி நம் துறையின் பணி. ஒரு சொல்லின் நிழலில் ஒரு குழந்தை மறையுமாயின், அந்நிழலை விலக்குதலும் அப்பணியில் அடங்கும்.