கடலில் கொண்டாட்டமா? கயிறு பிடிக்க ஆள் இருக்கிறாரா?

"டாக்டர், கப்பல்ல போனா வாந்தி எடுக்கும்னு சொல்றாங்க. ஒரு நாற்பது பேருக்குச் சூரணம் கட்டிக் கொடுத்திருங்க!"

போன மாதம் ஒரு மாலை நேரம். நீண்ட நாளாக என்னிடம் மூட்டுவலிக்கு மருந்து வாங்கும் அண்ணாச்சி ஒருவர் வந்து இப்படிக் கேட்டார். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு அறுபதாம் கல்யாணம். பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து சென்னையிலிருந்து இலங்கைப் பக்கம் போய்வரும் உல்லாசக் கப்பலில் இடம் போட்டிருக்கிறார்கள். சொந்தபந்தம் மொத்தம் 43 பேர். அதில் 84 வயது அம்மாவும் உண்டு, இரண்டு வயதுப் பேத்தியும் உண்டு.

"சந்தோஷம் அண்ணாச்சி. மருந்து தர்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. அங்கே யாரை யார் பாத்துக்கப் போறீங்க?"

"எல்லாம் கப்பல்காரன் பாத்துக்கிடுவாம்லா!"

இந்தப் பதில்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. தூத்துக்குடிக்காரர்களுக்குக் கப்பல் புதிதில்லை. 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, இங்கிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார். 2011 ஜூனில் மீண்டும் கொழும்புக்குப் பயணிகள் கப்பல் கிளம்பி, அதே வருடம் நின்றும் போனது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் சுற்றுலா தொடங்கியது. இப்போது அறுபதாம் கல்யாணம், பழைய மாணவர் சந்திப்பு, கம்பெனி விழா எல்லாமே கடலுக்கு வந்துவிட்டன. வரட்டும், நல்லதுதான். ஆனால் கூட்டமாகப் போகும்போது ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. அது அலையும் இல்லை, காற்றும் இல்லை. 'வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்ற நினைப்பு!

என் அனுபவம்

எனக்குக் கல்யாணமான புதிதில் உறவுக்காரர்கள் 14 பேர் கடற்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போனோம். தெரிந்தவர் வள்ளத்தில் ஏறி ஒரு சுற்று போய்விட்டுக் கரைக்கு வந்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். எண்ணிப் பார்த்தால் 13 பேர்தான் இருக்கிறோம். நாலு வயதுக் குழந்தையைக் காணோம்.

அம்மா, "அத்தைகிட்டே இருக்கான்னு நினைச்சேன்" என்றாள். அத்தை, "சித்தப்பா தூக்கிட்டுப் போனாரே" என்றாள். சித்தப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். அந்த அரை மணி நேரத்தை நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது. கடைசியில் குவித்து வைத்த வலைக்குப் பின்னால் நிழலில் படுத்து அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது குழந்தை.

பெரியவர்கள் ஆறு பேர் அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு பேரும் பார்த்ததால் ஒருவருமே பார்க்கவில்லை!

முத்துக்குளிப்பவர் சொல்லும் பாடம்

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு இறங்கிய பெரியவர்கள் சிலரைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு நிமிடம் போல அடியில் இருப்பார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும். அவர் கண் வேறு பக்கம் போகக் கூடாது.

மலைத்தேன் எடுக்கிறவனுக்கும் முத்துக் குளிக்கிறவனுக்கும் கயிறு பிடிப்பது மச்சான்தான் என்று சொல்வார்கள். தன் அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவனுக்குத் தெரியுமே! 'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்பது சும்மா வந்த பழமொழியா?

அந்தப் படகில் பத்துப் பேர் இருந்தாலும் இன்னாருக்கு இன்னார் கயிறு பிடிப்பது என்பது கடலில் இறங்குமுன் முடிவாகி இருக்கும். நீங்களும் இதைத்தான் செய்ய வேண்டும்.

நடந்தவை

2009 செப்டம்பர் 30, தேக்கடி. விலங்குகளைப் பார்க்கும் ஆவலில் படகில் இருந்தவர்கள் ஒரே பக்கமாகச் சாய, இரண்டடுக்குப் படகு கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பர் 25, பழவேற்காடு. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த உறவுக் கூட்டம் படகு கவிழ்ந்து 22 உயிர்களை இழந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கவில்லை. 2017 பிப்ரவரியில் எங்கள் திருச்செந்தூர் பக்கத்து மணப்பாடு கடலில், சுற்றிப் பார்க்க மீன்பிடிப் படகில் ஏறிய கூட்டத்தில் 10 பேர் பலியானார்கள். 2023 மே 7, கேரளத்தின் தானூர். 22 பேர்.

"இதெல்லாம் சின்னப் படகு டாக்டர். நாங்க போறது பெரிய கப்பல்" என்றார் அண்ணாச்சி.

பெரிய கப்பலில் பாதுகாப்பு பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆனாலும் 2012 ஜனவரி 13-ல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. அதில் 4,200 பேருக்கு மேல் இருந்தார்கள். 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பல நூறு பயணிகளுக்கு ஆபத்துக்கால ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புவதற்கு முன்போ, கிளம்பிய உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள்.

ஆகவே, ஒத்திகைக்கு அழைப்பு வந்ததும், "நாங்க டிபன் சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லாதீர்கள். 43 பேரும் போங்கள். ஏழு தடவை குறுகலாக, ஒரு தடவை நீளமாகச் சங்கு ஒலித்தால் ஆபத்து என்று அர்த்தம். லிஃப்டைத் தொடாமல், படிக்கட்டு வழியாக உங்கள் கூடுமிடத்துக்குப் போக வேண்டும். அறையிலிருந்து அங்கே போகும் வழியைப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது என்று தெரிந்துவிடும்.

கிளம்பும் முன் ஒரு காகிதம்

கூட்டத்தை ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு 'கயிறு பிடிப்பவர்'. அவர் நிதானமானவராக இருக்க வேண்டும். அந்த மூன்று நாளும் அவர் மதுவைத் தொடக் கூடாது. சின்னக் குழந்தைக்கும் தள்ளாத முதியவருக்கும் தனித்தனியாக ஒருவர் பொறுப்பு. கைமாற்றும்போது, "இனி உன் பொறுப்பு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்ற வேண்டும்.

அவர் பையில் ஒரு காகிதம் இருக்கட்டும். பெயர், வயது, அறை எண், என்ன வியாதி, என்ன மருந்து, எது ஒவ்வாது, ஊரில் யாருக்குத் தகவல் சொல்வது, எல்லாம் அதில் எழுதியிருக்க வேண்டும். நடுக்கடலில் உங்கள் செல்போன் பேசும் என்று நம்பாதீர்கள். காலைப் பலகாரம், மாலைக் காபி, படுக்கப் போகும் நேரம் என்று மூன்று வேளையும் தலை எண்ணுங்கள். கரையில் இறங்கிச் சுற்றிவிட்டுத் திரும்பும்போதும் எண்ணுங்கள். கப்பல் உங்கள் மாமாவுக்காகக் காத்திருக்காது!

குழந்தைகள் இருக்கும் அறையில் பால்கனிக் கதவைப் பூட்டியே வையுங்கள். நாற்காலியைக் கம்பி ஓரம் போடாதீர்கள். பல கப்பல்களில் நீச்சல் குளத்துக்குக் காவலாள் கிடையாது. பிள்ளை தண்ணீரில் இருக்கும் நேரம் கயிறு பிடிப்பவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது. அறை எண்ணை யாரிடமும் உரக்கச் சொல்ல வேண்டாம். நகைகளைக் கூடியவரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அப்புறம், கப்பலில் திறந்த நெருப்புக்கு அனுமதி கிடையாது. கற்பூரம், குத்துவிளக்கு, ஹோமம் எதுவும் நடக்காது. இஸ்திரிப் பெட்டியும் கூடாது. தாலி கட்டும் சடங்கைக் கோயிலிலேயே முடித்துவிட்டு, விருந்தை மட்டும் கப்பலில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாந்தி, மயக்கம்

சரி, அண்ணாச்சி கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கடல் ஆடும்போது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஒன்று சொல்கிறது, கண் வேறொன்று சொல்கிறது. அந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. சித்த மருத்துவம் இதைப் பித்தக் குமட்டலாகப் பார்க்கிறது. வெறும் வயிறும் ஆகாது, முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. இட்லி, ரசம் சாதம் போன்ற எளிய உணவு போதும். தொடுவானத்தைப் பாருங்கள். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. அறை பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

தோல் சீவிய இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி, தேன் ஒரு தேக்கரண்டி கலந்து, கிளம்புவதற்கு அரை மணி முன்பு சாப்பிடலாம். ஏலக்காயை வாயில் அடக்கிக்கொள்ளலாம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இஞ்சியை அளவுக்கு மீறி எடுக்க வேண்டாம். கடைகளில் விற்கும் வாந்தி மாத்திரைகள் பல தூக்கம் வரவழைப்பவை. அதைப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் கப்பல் படிக்கட்டில் தனியாக ஏறி இறங்கக் கூடாது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஊசி போட்ட பிறகு சாப்பாடு தங்காமல் வாந்தியானால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். கயிறு பிடிப்பவரிடம் குளுக்கோஸ் இருக்கட்டும். வாந்தி நிற்காவிட்டால் கப்பல் மருத்துவரிடம் உடனே போங்கள். பிரஷர், சர்க்கரை, இதய மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். இரண்டு நாளுக்குக் கூடுதலாகவே எடுத்துப் போங்கள்.

என்னைப் போன்றவர்களிடம் வாங்கும் பற்பத்தையும் சூரணத்தையும் வெறும் காகிதப் பொட்டலமாகக் கொண்டுபோகாதீர்கள். வெள்ளைப் பொடியைப் பார்த்ததும் துறைமுகச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள்! லேபிள் ஒட்டிய டப்பாவும் மருத்துவர் சீட்டும் அவசியம்.

கப்பல் என்பது நாலு சுவருக்குள் ஓர் ஊர். ஒருவருக்கு வந்தது ஊருக்கே வரும். 2020 பிப்ரவரியில் டயமண்ட் பிரின்சஸ் கப்பலில் இருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கொரோனா தொற்றியது. வயிற்றுப்போக்குக் கிருமியும் அப்படித்தான் பரவும். அந்தக் கிருமியில் ஒரு வகைக்குக் கையில் தடவும் சானிடைசர் சரியாக வேலை செய்வதில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல், பேதி இருப்பவரை 'டிக்கெட் வீணாகிறதே' என்று கூட்டிப் போகாதீர்கள். 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளைப் பெரும்பாலான உல்லாசக் கப்பல்கள் ஏற்றுவதில்லை. சமீபத்தில் மாரடைப்போ, ஆபரேஷனோ ஆனவர்கள் சிகிச்சை தந்த மருத்துவரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். கப்பலில் மருத்துவர் இருப்பார். பெரிய ஆஸ்பத்திரி இருக்காது.

தண்ணீரில் விழுந்துவிட்டால்

பின்னாலேயே குதிக்காதீர்கள். சத்தம் போடுங்கள். மிதவை வளையத்தை வீசுங்கள். ஒருவர் மட்டும், விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அலைக்குள் ஒரு தலையைத் தவறவிட்டால் மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம். கரையோரப் படகில் போனவர்கள் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணைக் கூப்பிடலாம்.

எங்கள் பக்கம், மூழ்கி எடுத்தவரைக் குடத்தின் மேல் கவிழ்த்து உருட்டுவார்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவார்கள். நானும் சின்ன வயதில் அதை நம்பியவன்தான். அது தவறு. வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதில் உயிர்போகும் நேரம் வீணாகிறது. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து முதலில் மூச்சு கொடுங்கள். பிறகு பெரியவர்களுக்கு நெஞ்சின் நடுவே ஐந்து சென்டிமீட்டர் இறங்கும்படி 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறிச் செய்யுங்கள். உதவி வரும் வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இதைப் பழகாத கை அந்த நேரத்தில் நடுங்கும். குழுவில் இரண்டு பேராவது முன்கூட்டியே முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது அண்ணாச்சி எழுதிய காகிதம் இரண்டு பக்கம் ஆகியிருந்தது. எட்டுக் குழு, எட்டுப் பெயர். அம்மாவுக்கு மூத்த மருமகள். பேத்திக்குப் பகலில் அப்பன், இரவில் ஆத்தா.

"எல்லாருக்கும் போட்டாச்சு. உங்களுக்கு யாரு அண்ணாச்சி?"

"எனக்கு எதுக்கு டாக்டர்? நான்தானே எல்லாரையும் கூட்டிட்டுப் போறேன்!"

"சர்க்கரை இருக்கு. முழங்கால் வலி இருக்கு. கப்பல்ல முதல்ல வழுக்கி விழப் போறதே நீங்கதான்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பேனாவை எடுத்துத் தன் பெயருக்கு நேரே எழுதினார். எட்டிப் பார்த்தேன். மச்சான் பெயர்தான்!

நீங்களும் டிக்கெட் வாங்கும் முன் ஒரு காகிதம் எடுங்கள். உங்கள் பெயருக்கு நேரே யார் பெயரை எழுதப் போகிறீர்கள்?