வீட்டுப் பட்டறை – 14: செயினுக்குள் சிக்கிய மணல்

போன வாரம் பிரேக் கட்டைகளைப் பார்த்தோம். இந்த வாரம் செயின். சைக்கிளில் நாம் அதிகம் பாடுபடுத்தும் பாகம் இதுதான்.

செயின் கிறீச்சிட்டால் உடனே எண்ணெய் விடுகிறோம். பல பட்டறைகளில் கழிவு ஆயிலையே பிரஷ்ஷால் தடவிவிடுவார்கள். சத்தம் அடங்கும். ஆனால் அந்தப் பிசுக்கில் தெருப் புழுதியெல்லாம் வந்து அப்பிக்கொள்ளும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் இரும்பை அரைக்கும் சாந்து தயார். கழிவு ஆயிலிலோ இன்ஜின் தேய்ந்த துகளும் கரியும் முன்பே கலந்திருக்கின்றன.

இன்றைய ரோலர் செயினுக்கு 1880-இல் மான்செஸ்டரில் காப்புரிமை பெற்றவர் ஹான்ஸ் ரெனால்டு. உள்ளே ஒரு பின், அதன் மேல் புஷ், அதைச் சுற்றி உருளும் ரோலர். செயினின் ஆயுளைத் தீர்மானிக்கும் தேய்மானம் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. 1999-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்பைசர் குழுவினர் செயினை ஆய்வகத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். கொடுத்த சக்தியில் 98.6 சதவீதம் வரை சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எண்ணெயால் அந்தக் கணக்கில் பெரிய மாற்றம் இல்லை. ஆய்வகத்தில் புழுதி கிடையாது. நம் தெருவில் உண்டு. எண்ணெய் நமக்குத் தேவைப்படுவது வேகத்துக்காக அல்ல, பின்னைக் காப்பாற்றத்தான். ஆகவே கழுவாத செயினுக்கு எண்ணெய் விடவே விடாதீர்கள்.

கியர் இல்லாத சாதா வண்டியில் செயின் லாக்கை மூக்குக் குறடால் தள்ளிக் கழற்றிவிடலாம். ஊறவைக்க மண்ணெண்ணெய், கிடைக்காவிட்டால் டீசல். பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி தள்ளி இருக்கும் நெருப்பிலும் பற்றும். டப்பாவில் போட்டுக் குலுக்கி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி புதிதாக ஊற்றி அலசுங்கள். காதருகே பிடித்து வளைத்தால் நறநறவென்று கேட்கக் கூடாது. கேட்டால் இன்னொரு முறை. அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பாட்டிலில் மூடி வையுங்கள். மேலே தெளிவது அடுத்த முறைக்கு ஆகும்.

நன்றாகக் காய்ந்ததும் மாட்டுங்கள். லாக்கின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். ரோலருக்கு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, வெளியே மினுங்குவதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். சமையலறை நல்லெண்ணெய் வேண்டாம், காற்றுப் பட்டால் பிசினாகிவிடும். இந்த வேலைக்கு விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். அரசு கொடுத்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இதை யாராவது ஒருமுறை செய்து காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

செயின் பிழைக்குமா என்பதை ஸ்கேல் சொல்லும். ஒரு கண்ணி அரை அங்குலம். ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணிகள் தள்ளி இருக்கும் பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு என்றால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும்.

செயின் அடிக்கடி கழன்றால் தொய்வைப் பாருங்கள். நடுவில் அரை அங்குலம் ஆடினால் போதும். மிதிக்கும்போது சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்றால் பெரும்பாலும் பெடல் தண்டை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின் தளர்ந்திருக்கும். பின்னைச் சுத்தியலால் தட்டி இறக்கிவிட்டு நட்டை முடுக்குங்கள்; நட்டை மட்டும் முடுக்கினால் நிற்காது. பெடல் வெறுமனே சுற்றி, சக்கரம் நகராமல் நின்றால், ஃப்ரீவீலுக்குள் பற்றிப் பிடிக்கும் கொக்கிகள் பழைய கிரீஸில் ஒட்டியிருக்கலாம். இடுக்கில் மண்ணெண்ணெய் விட்டுச் சுற்றிக் கழுவி, மெல்லிய எண்ணெய் விடுங்கள். அதன் பிறகும் நழுவினால் புதிதுதான். அதைக் கழற்றத் தனிக் கருவி தேவை, பட்டறைக்குப் போங்கள்.

அடுத்த வாரம் பெடலைப் பிரிப்போம். முந்திக்கொண்டு ஸ்பேனரைப் போடுபவர்களுக்கு ஒன்று: இடது பெடலின் மரை தலைகீழ், கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

(தொடரும்)